வீட்டுப் பட்டறைக்கு எத்தனை சதுர மி.மீ. வயர் வேண்டும்?

வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு, மரம் அறுக்கும் மேசை ரம்பம் ஒன்றும் சிறிய வெல்டிங் செட் ஒன்றும் வாங்கி வைப்பவர் பெரும்பாலும் கடைசியாக யோசிப்பது வயரைப் பற்றித்தான். கடையில் போய் "பவர் பாயிண்டுக்கு வயர் கொடுங்கள்" என்று கேட்டால் 2.5 சதுர மி.மீ. (உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு அது) சுருள் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் அது தாராளம். பட்டறையிலோ அதே வயர் ஒரு மூலையில் போதுமானதாகவும் இன்னொரு மூலையில் ஆபத்தானதாகவும் இருக்கும். எங்கே போதும், எங்கே போதாது என்பதைக் கண்டுபிடிக்கப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகப் போட்டுப் பார்க்கப்போகிறோம்.

இந்தியாவில் கட்டடங்களுக்குள் வயரிங் செய்யும் முறையை ஐ.எஸ். 732 என்ற தரக்குறியீடும், நாம் கடையில் வாங்கும் பிவிசி வயரின் தரத்தை ஐ.எஸ். 694-உம், எர்த் அமைப்பை ஐ.எஸ். 3043-உம் வரையறுக்கின்றன. இவற்றுக்கு மேலே சட்டப்படி கட்டுப்படுத்துபவை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். தமிழ்நாட்டில் வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனும்தான் செய்ய வேண்டும் என்பதால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தாமே பைப்பில் வயர் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் வயர்மேன் ஒரு அளவைச் சொல்லும்போது அது ஏன் என்று கேட்கவும், அவர் சொல்லும் பதில் சரியா என்று எடைபோடவும் இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

வயருக்குள் மின்னோட்டம் பாயும்போது செம்பின் மின்தடை காரணமாகச் சூடு உண்டாகிறது. இந்தச் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் சூடு 44 சதவீதம் கூடிவிடும். செம்புக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே அல்ல. அதைப் போர்த்தியிருக்கும் பிவிசி உறைதான் பலவீனமான கண்ணி, சாதாரண பிவிசி நீண்ட காலம் தாங்கக்கூடிய வெப்பம் 70 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டி ஓட்டினால் உறை அன்றே உருகிவிடாது. மெல்ல இறுகி, நிறம் மங்கி, சில ஆண்டுகள் கழித்து வளைக்கும்போது பொருக்காக உதிரும். வயரின் அளவைத் தீர்மானிப்பது என்றால், அந்த 70 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என்றே பொருள்.

அந்தக் காவல் வேலையைச் செய்வது எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச். புதியவர்கள் பலரும் எம்சிபி இயந்திரத்தைக் காப்பதற்காக வைக்கப்பட்டது என்று நினைக்கிறார்கள். அது காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. ஆகவே விதி இப்படி அமைகிறது: இயந்திரம் எடுக்கும் மின்னோட்டத்தைவிட எம்சிபியின் அளவு குறையக் கூடாது, எம்சிபியின் அளவைவிட வயரின் தாங்கு திறன் குறையக் கூடாது. இயந்திரம், எம்சிபி, வயர் ஆகிய மூன்றும் ஏறுவரிசையில் நிற்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது எம்சிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டுபவர், வயரை மாற்றாதவரையில், அந்த வரிசையை உடைத்துவிடுகிறார். அதன்பிறகு வயர் கொதித்தாலும் தடுப்பதற்கு ஆள் இல்லை.

முதல் எண், இயந்திரம் எடுக்கும் ஆம்பியர். இதில் ஒரு பொறி உண்டு. கையில் பிடித்து வேலை செய்யும் கிரைண்டர், டிரில், இரும்பு அறுக்கும் கட்-ஆஃப் மெஷின் போன்றவற்றில் எழுதியிருக்கும் வாட் அளவு, அவை மின்சாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன். 2200 வாட் என்றிருந்தால் 230 வோல்ட்டால் வகுத்து, சுமார் 10 ஆம்பியர் என்று கொள்ளலாம். மேசை ரம்பத்தில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரின் உடலில் ஆணியடித்திருக்கும் தகட்டிலோ குதிரைத்திறன் எழுதியிருக்கும். அது மோட்டார் வெளியே கொடுக்கும் திறன். 2 எச்பி என்றால் 1492 வாட், அதை அப்படியே 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர் வரும். அந்தக் கணக்கு தவறு. மோட்டாரின் செயல்திறன் 75 சதவீதம், பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.8 என்று வைத்துக்கொண்டால் அது உண்மையில் எடுப்பது ஏறத்தாழ 11 ஆம்பியர். நல்ல தகடுகளில் ஆம்பியர் தனியாகவே அச்சிடப்பட்டிருக்கும். இருந்தால் இந்த ஊகங்கள் எதுவும் வேண்டாம், அந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது எண், எம்சிபி. 11 ஆம்பியருக்கு அடுத்து எளிதாகக் கிடைக்கும் அளவு 16. ஆனால் இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப்போல ஆறு மடங்கு, அதாவது 66 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். 'பி' வகை எம்சிபி தன் அளவைப்போல மூன்று முதல் ஐந்து மடங்குக்குள், அதாவது 48 முதல் 80 ஆம்பியருக்குள் உடனே விழுந்துவிடும். ஆகவே ரம்பத்தைப் போட்ட ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கலாம். 'சி' வகை உடனே விழுவது ஐந்து முதல் பத்து மடங்குக்குள், அதாவது 80 ஆம்பியருக்கு மேல்தான் என்பதால் பட்டறைக்கு 'சி 16' பொருத்தம். இங்கே ஆம்பியரைக் கூட்டாமல் வகையை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது எண்ணான வயரின் தாங்கு திறனுக்கு வருவோம். சுவரில் பைப் வழியாகச் செல்லும் பிவிசி செம்பு வயர், பைப்புக்குள் ஒரே சர்க்யூட், சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி என்ற நிலையில் 1.5 சதுர மி.மீ. வயர் 17.5 ஆம்பியரும், 2.5 என்றால் 24-உம், 4 என்றால் 32-உம், 6 என்றால் 41-உம், 10 என்றால் 57-உம் தாங்கும். வயர் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்கள் இவற்றிலிருந்து சற்று வேறுபடலாம்; அவை எந்த வெப்பத்துக்கு, எந்த வகையான பதிப்புக்குக் கொடுக்கப்பட்டவை என்று பார்க்காமல் அவற்றை நம்பக் கூடாது.

அந்த 30 டிகிரிதான் நமக்குச் சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் திருச்சியிலோ வேலூரிலோ நிழலிலேயே 40 டிகிரி அடிக்கிறது; தகரக் கூரைக்கு ஒரு சாண் கீழே ஓடும் பைப்புக்குள் 45 என்று கொள்வதே நியாயம். 70 டிகிரி உறைக்கு 30 டிகிரி சூழலில் 40 டிகிரி இடைவெளி இருந்தது. 45 டிகிரியில் அது 25-ஆகச் சுருங்கிவிடுகிறது. அதனால் அட்டவணை எண்ணை 40 டிகிரிக்கு 0.87-ஆலும், 45 டிகிரிக்கு 0.79-ஆலும் பெருக்கிக் குறைக்க வேண்டும். அதேபோல ஒரு பைப்புக்குள் இரண்டு சர்க்யூட்டுகள் சேர்ந்து போனால் ஒன்று மற்றொன்றைச் சூடாக்கும், அதற்கு 0.80. மூன்று சர்க்யூட் என்றால் 0.70.

இப்போது நம் மேசை ரம்பத்துக்கு 2.5 சதுர மி.மீ. போதுமா என்று பார்ப்போம். அதன் வயரும் கட்-ஆஃப் மெஷினின் வயரும் ஒரே பைப்பில் தகரத்துக்குக் கீழே போகின்றன என்றால், 24 × 0.79 × 0.80 = 15.2 ஆம்பியர். எம்சிபி 16. தோற்றுவிட்டது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த வயர், கொஞ்சத்தில் விதியைத் தவறவிடுகிறது. தீர்வு இரண்டு: 4 சதுர மி.மீ.க்குப் போனால் 32 × 0.79 × 0.80 = 20.2 கிடைக்கும். அல்லது ரம்பத்துக்குத் தனிப் பைப் போட்டால் அதே 2.5 சதுர மி.மீ. வயர் 24 × 0.79 = 19 ஆம்பியர் தாங்கும். கூடுதலாக ஒரு பைப்புக்கு ஆகும் செலவு, வயரை ஒரு அளவு உயர்த்தும் செலவைவிடக் குறைவு. நானாக இருந்தால் தனிப் பைப்பைத்தான் போடச் சொல்வேன். பைப்பைக் கூரையை ஒட்டி இழுக்காமல் சுவரின் இடுப்புயரத்தில் கொண்டுபோனால் இன்னும் ஐந்து டிகிரி நமக்குச் சாதகமாகும். 1.5 சதுர மி.மீ. தனிப் பைப்பில் போனாலும் 13.8 ஆம்பியர்தான் தாங்கும்; அதை விளக்குக்கும் மின்விசிறிக்கும் விட்டுவிட வேண்டும்.

பெரிய மரத்தச்சு இயந்திரங்களைப் பற்றிய அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அங்கே சொல்லும் வயர் எண்ணை இங்கே தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வீட்டுப் பிளக்குகளில் 120 வோல்ட். அதே இயந்திரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆம்பியர் எடுக்கும். அவர்கள் 20 ஆம்பியருக்குப் போடும் '12 கேஜ்' (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) என்பது 3.3 சதுர மி.மீ. அந்த எண்கள் அந்த ஊர் விதிக்கு உரியவை. நம் ஊரிலும் பழைய வயர்மேன்கள் "7/20 போடுங்க" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 20-ஆம் எண் கேஜில் ஏழு இழைகள் என்பது அதன் பொருள். ஒவ்வோர் இழையும் 0.914 மி.மீ. விட்டம் என்பதால் மொத்தம் சுமார் 4.6 சதுர மி.மீ. வரும், இன்றைய கடையில் அதற்கு அருகில் இருப்பது 4 சதுர மி.மீ. '3/20' என்றால் சுமார் 2 சதுர மி.மீ. பெரியவர் 3/20 என்று சொன்னதை 2.5 என்றும், 7/20-ஐ 4 என்றும் மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

வெல்டிங் செட்டுக்குத் தனியாகக் கணக்குப் போட்டாக வேண்டும், ஏனெனில் அதன்மேல் எழுதியிருக்கும் ஆம்பியர், ராடு முனையில் கிடைக்கும் ஆம்பியர். 3.15 மி.மீ. ராடுக்கு 110 ஆம்பியர் வைக்கிறோம் என்றால், ராடு முனையில் எரியும் மின்வில்லின் மின்னழுத்தம் 20 + (0.04 × 110) = 24.4 வோல்ட், திறன் 2684 வாட். இன்வெர்ட்டர் செட்டின் செயல்திறன் 80 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.7 என்றால், பிளக்கிலிருந்து அது எடுப்பது ஏறத்தாழ 21 ஆம்பியர். அதே செட்டை 160 ஆம்பியருக்குத் திருப்பினால் 33 ஆம்பியர் ஆகிவிடும். இரண்டுமே வீட்டின் 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு மேலே. செட்டோடு 16 ஆம்பியர் பிளக் டாப்பைப் பொருத்தியே விற்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. கால் மணி நேரம் பற்றவைத்துவிட்டு அந்தப் பிளக் டாப்பைத் தொட்டுப் பார்த்தால் கை சொல்லிவிடும். 110 ஆம்பியருக்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்தால் 25 ஆம்பியர் 'சி' வகை எம்சிபி, 32 ஆம்பியர் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், தனிப் பைப் என்று வைத்துக்கொள்ளலாம். வயரில், 4 சதுர மி.மீ. 45 டிகிரியில் 25.3 ஆம்பியர் தாங்கும். விதி மயிரிழையில் நிறைவேறுகிறது. மயிரிழை எனக்குப் பிடிக்காது. 6 சதுர மி.மீ. போட்டால் 32 ஆம்பியர்வரை இடம் இருக்கும்.

இனி வீட்டின் மெயின் போர்டிலிருந்து கொட்டகையின் டிபி பாக்ஸ் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) வரை வரும் நீண்ட வயர். கொட்டகையிலுள்ள எல்லா இயந்திரங்களின் ஆம்பியரையும் கூட்டினால் 50-ஐத் தாண்டும், ஆனால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் ரம்பத்திலும் வெல்டிங்கிலும் நிற்க முடியாது. ரம்பம் 11, தூசி உறிஞ்சி 6, விளக்கும் விசிறியும் 1, ஆக 18. அல்லது வெல்டிங் 21, பக்கத்தில் உதவியாள் பிடிக்கும் சிறு கிரைண்டர் 4, விளக்கு 1, ஆக 26. பெரிய தொகை 26; எம்சிபி 32. பைப் நிழலான சுவரில் போகிறது, வெப்பம் 40 டிகிரி என்றால் 4 சதுர மி.மீ. 27.8 ஆம்பியர்தான் தாங்கும், 32-க்குப் போதாது. 6 சதுர மி.மீ. 35.7 தாங்கும். சூட்டைப் பொறுத்தவரை 6 போதும்.

ஆனால் தொலைவு என்று ஒன்று இருக்கிறது. கொட்டகை 30 மீட்டர் தள்ளியிருந்தால், மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டிய தூரம் 60 மீட்டர். மெல்லிழைகளால் ஆன 6 சதுர மி.மீ. செம்பு வயரின் மின்தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 3.3 ஓம், 70 டிகிரிக்குச் சூடாகும்போது அது 20 சதவீதம் கூடி 3.96 ஓம் ஆகும். 60 மீட்டர், 26 ஆம்பியர் என்று பெருக்கினால் 6.2 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது; அது 230-இல் 2.7 சதவீதம். வழியில் இழக்கும் வோல்ட் விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு மெயின் போர்டிலிருந்து கடைசி பாயிண்ட் வரைக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது; டிபி பாக்ஸுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே விளக்குகளின் பங்கு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. 10 சதுர மி.மீ. போட்டால் அதே வீழ்ச்சி 3.6 வோல்ட், 1.6 சதவீதம். ரம்பம் கிளம்பும்போது 66 ஆம்பியர் இழுக்கிறது என்றோமே, அந்தக் கணத்தில் 6 சதுர மி.மீ. வயரில் சுமார் 15 வோல்ட் இறங்கும். மோட்டாரின் கிளம்பும் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மாலையில் தெருவிலேயே வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது ரம்பம் முனகிக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணமாகிவிடும். ஆகவே 30 மீட்டருக்கு 10 சதுர மி.மீ. என்பதே என் தேர்வு. பத்து மீட்டருக்குள் என்றால் 6 போதும்.

மெயின் போர்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் வீட்டு இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த மின்பளுவுக்குள் இந்தப் பட்டறை அடங்காவிட்டால், கூடுதல் மின்பளுவுக்கோ மும்முனை இணைப்புக்கோ விண்ணப்பிக்க வேண்டும். கூலிக்கு வேலை செய்து கொடுப்பதாக இருந்தால் வீட்டுக் கட்டண இணைப்பில் ஓட்டுவது தனிச் சிக்கல்.

எர்த் வயரை மெலிதாகப் போட்டு மிச்சம் பிடிப்பது பழைய பழக்கம். 16 சதுர மி.மீ. வரையில், எளிய விதிப்படி, ஃபேஸ் வயர் எவ்வளவோ எர்த் வயரும் அவ்வளவே இருக்க வேண்டும். அதுவும் போதாது, ஏனென்றால் வீட்டு எர்த் குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், ரம்பத்தின் இரும்பு உடலில் ஃபேஸ் பட்டாலும் பாய்வது 230 ÷ 5 = 46 ஆம்பியர்தான்; 'சி 16' எம்சிபி உடனே விழ 160 ஆம்பியர்வரை தேவைப்படலாம். அந்த இடைவெளியில் இயந்திரத்தின் உடல் மின்சாரத்தோடு நிற்கும். அதை நொடியின் ஒரு பகுதிக்குள் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற கசிவுத் துண்டிப்பான். ஆர்சிசிபி கசிவை மட்டுமே பார்க்கும், அளவுக்கு மீறிய ஓட்டத்தைப் பார்க்காது. எம்சிபியோ கசிவைப் பார்க்காது. இரண்டும் வேண்டும்.

வயரை வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து வாங்குவதோடு, சுருளைக் கையில் தூக்கியும் பார்க்கலாம். 90 மீட்டர் கொண்ட 2.5 சதுர மி.மீ. சுருளில் செம்பு மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ இருக்க வேண்டும். உறையோடு சேர்த்தே 2 கிலோ வராத சுருளில் செம்பைக் குறைத்திருக்கிறார்கள். 'எஃப்ஆர்' என்ற எழுத்து தீ பரவுவதைத் தடுக்கும் உறையைக் குறிக்கிறது. அதனால் வயர் கூடுதல் ஆம்பியர் தாங்கும் என்று எண்ணக் கூடாது. உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பயன்படுத்துபவர்கள் அதை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்ட வேண்டும், ஏனெனில் சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியின்றி உள்சுற்றுகளின் உறை ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

வேலை முடிந்ததும் வயர்மேன் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யச் சொல்லலாம். ரம்பமும் தூசி உறிஞ்சியும் கனமான மரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் போர்டிலும் ரம்பத்தின் பிளக்கிலும் வோல்டேஜ் அளந்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 10 சதுர மி.மீ. வயரில் 18 ஆம்பியருக்குச் சுமார் 2.5 வோல்ட்டும், எட்டு மீட்டர் 2.5 சதுர மி.மீ. வயரில் 11 ஆம்பியருக்குச் சுமார் 1.7 வோல்ட்டும் என, நம் கணக்குப்படி மொத்தம் 4 வோல்ட்டுக்கு மேல் அதிகம் வரக் கூடாது. 12 வோல்ட் வந்தால், வயரின் அளவு சரியாகவே இருந்தாலும், எங்கோ ஒரு திருகு இறுகவில்லை, அல்லது பல இழைகள் திருகுக்கு வெளியே பிதுங்கி நிற்கின்றன. அந்தக் கூடுதல் 8 வோல்ட் நீண்ட வயரின் ஒரு முனையில் விழுகிறது என்றால், 8 × 18 = 144 வாட்; பழைய 100 வாட் குண்டு பல்பைவிட அதிகமான சூடு, டிபி பாக்ஸுக்குள் ஒரு திருகின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முனையாகத் திறந்து அந்தத் திருகைக் கண்டுபிடித்த பிறகே அவர் கிளம்ப வேண்டும்.